சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில வீடு கட்டலாமா? முதலை பயமா இருக்குதுங்க

கோவை_மருமக:

வணக்கமுங்க. எனக்குப் பொறந்த ஊரு கோயமுத்தூரு, கட்டிக்குடுத்தது சிதம்பரத்துக்குத் தெக்கால பழைய கொள்ளிடத்தோரம் ஒரு கிராமம். ஊரு பேரு வேண்டாமுங்க, சின்ன ஊரு, சொன்னா யாருன்னு தெரிஞ்சுரும். இத்தனை நாளா சென்னைல வாடகைல இருந்தோம், இப்ப வீட்டுக்காரருக்கு வீட்டுலிருந்தே வேலைன்னு ஆயிருச்சு, மாமனாருக்கும் வயசாயிருச்சு, அதனால பூர்வீக மனைல இவரு பங்குல ஒரு வீட்டக் கட்டிட்டு இங்கியே இருந்துக்கலாம்னு பேச்சு ஓடுது. மனை நல்ல மனைதானுங்க. தென்னை அஞ்சாறு நிக்குது, பின்னாடி களம், அதுக்கும் பின்னாடி கரை, கரைக்கு அந்தப்பக்கம் ஆறு. காலைல எந்திரிச்சா கொக்கும் நாரையும் நெறைஞ்சு கெடக்குது, அதெல்லாம் எனக்கும் புடிச்சுத்தான் இருக்குது.

பிரச்சனை முதலைங்க. போன தடவை வந்தப்ப எதிர்க்கரைத் திட்டுல ஒண்ணு வாயப் பொளந்துட்டுப் படுத்துருந்துச்சு, நான் அரண்டு போயிக் கூப்புட்டா இவரு சாவகாசமா வந்து பாத்துட்டு "அது எப்பவும் அங்கதான் படுக்கும்"ங்கறாரு. எது கேட்டாலும் "நாங்கெல்லாம் இதுலதான் நீச்சலே பழகுனோம்". எனக்கு ஒம்பது வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணு, பெருசு தண்ணியக் கண்டா நிக்கவே நிக்காது.

முதலை கரையேறி வீட்டுக்கு வருமா? காம்பவுண்டு எவ்வளவு ஒசரம் வெக்கோணும்? கோழி, வாத்து, நாய் வளக்கலாமா? முதலைய விட்டா வேற எதுக்கெல்லாம் பயப்படோணும்? அங்கியே இருக்கறவங்க சொல்லுங்க. "ஒண்ணும் ஆவாது"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, அதக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.

கரைமேட்டான்:

தங்கச்சி, நான் கொள்ளிடக் கரையிலயே பொறந்து மாடு மேச்சு வளந்தவன், இப்பவும் எங்க வயலுக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரே ஒரு கரைதான். இங்க இருக்கறது சதுப்புநில முதலை, மக்கர்னு சொல்லுவாங்க. ஒடிசாவுலயும் அந்தமான்லயும் இருக்கே உப்புத்தண்ணி முதலை, அந்தப் பெரிய சாதி இப்ப தமிழ்நாட்டுல கெடையாது. மக்கர் பத்து பன்னெண்டு அடி வரைக்கும் சாதாரணமா வளரும், ஆளக் கொல்ற பலம் அதுக்கே தாராளமா இருக்கு, அதனால சின்ன சாதிதானேன்னு நெனச்சுடாத.

உன் வீட்டுக்காரர் சொல்றது பொய் இல்ல. ஆனா அவரு நீச்சல் பழகுன காலத்துல ஊரு பூரா ஆத்துலதான் குளிச்சுது, படித்துறைல எந்நேரமும் ஆளு, மாடு, துணி தொவைக்கிற சத்தம். இப்ப எல்லா வீட்டுக்கும் பைப்பு வந்துடுச்சு, ஆத்துக்குப் போறவன் தனியா போறான், அதுவும் விடிகாலைல இல்லன்னா பொழுது சாஞ்சு. அங்கதான் வெனையே. இங்க கடி வாங்குனவங்க கதைய விசாரிச்சுப் பாரு, பெரும்பாலும் ஒண்ணு போலவே இருக்கும். இடுப்பளவு தண்ணில நின்னு குளிச்சவரு, துணி அலசுனவங்க, வேலை முடிச்சுக் கைகால் கழுவ எறங்குனவரு, மாட்ட அக்கரைக்கு ஓட்டிட்டுப் போனவரு, கையால தடவி மீன் புடிச்சவரு. வீட்டுக்குள்ள பூந்து கடிச்சுதுன்னு நான் கேட்டதில்ல.

வாயப் பொளந்துட்டுப் படுத்துருந்துச்சுன்னு சொன்னியே, அது சூட்ட ஆத்திக்கிது, எரைக்கு இல்ல. அது உன் கண்ணுல படுற வரைக்கும் பயம் கம்மி. தண்ணிக்குள்ள இருந்தா கண்ணும் மூக்கு நுனியும்தான் மேல தெரியும், பனங்கட்டை ஒண்ணு ஒதுங்கிக் கெடக்குற மாதிரி அசையாம கெடக்கும், ஆகாயத்தாமரை மண்டியிருந்தா ரெண்டடில நின்னாலும் தெரியாது. அப்புறம் கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்குப் பொதரு இருக்கு பாரு, ஊதாப்பூ பூத்துகிட்டு, அது அடர்ந்த எடத்துல எறங்கவே கூடாது. நாங்க படித்துறைக்கு ரெண்டு பக்கமும் அத வருஷா வருஷம் வெட்டித் தள்ளுவோம், வெட்டுன தண்டு ஈரத்துல விழுந்தா அங்கயே வேர் விட்டுடும், அதனால வெட்டிக் கரைமேல இழுத்துப் போட்டுக் காயவிடணும். தெனமும் ஒரே நேரத்துல ஒரே படில எறங்குறதும் ஆவாது, அது பாத்து வச்சுக்கிட்டுக் காத்துருக்கும்.

கரையேறி வருமான்னா, வரும், ரெண்டு சமயத்துல. கோடைல ஆறு வத்தி மடுவுல மட்டும் தண்ணி நிக்கிறப்ப ராத்திரில வேற குட்டை தேடி நடக்கும். வெள்ளம் வந்தா வயலு வாய்க்கா எல்லாத்துலயும் பூந்துடும், வடிஞ்சப்புறம் பாத்தா ஊருக் குளத்துல மாட்டிகிட்டு இருக்கும். ராத்திரி தெருவுல ஒண்ணு போவுதுன்னா உன்னத் தேடி வரல, தண்ணியத் தேடிப் போவுது. நாலடிக்கு செவுரு எழுப்பி, கேட்டுக்கு அடில சந்து இல்லாம பாத்துக்கிட்டாலே போதும். மாசி பங்குனில கரை மண்ணத் தோண்டி முட்டை வைக்கும், இருபத்தஞ்சு முப்பது இருக்கும், ரெண்டு மாசத்துல பொரிக்கும், தாய் பக்கத்துலயே கெடக்கும். அந்த நேரத்துல கரைல மண்ணு கெளறுன எடத்தப் பாத்தா புள்ளைங்கள அந்தப்பக்கமே விடாத, குட்டி கத்துற சத்தம் கேட்டாலும் அப்படித்தான்.

கோழி வளக்கலாம், ராத்திரி கூண்டுல அடைக்கணும், அது முதலைக்காக இல்ல, நரிக்கும் கீரிக்கும். வாத்து வேண்டாம், அது ஆத்துக்குப் போவாம இருக்காது. நாய் வளத்தா அத ஆத்துப்பக்கம் அவுத்து விடாத, மொதல்ல போறது நாயாத்தான் இருக்கும்.

டவுன்காரன்:

எதுக்கு இவ்வளவு ரிஸ்க்? மனைய வித்துட்டு சிதம்பரத்துலயே ஒரு வீடு பாத்துக்குங்க. ஸ்கூல், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் பக்கம். பின்னாடி கொல்லைல முதலைய வச்சுகிட்டு இயற்கையோட வாழறேன்னு சொல்றதெல்லாம் ரீல்ஸுக்குத்தான் நல்லாருக்கும்.

கரைமேட்டான்:

தம்பி, முதலை இருக்குற கரைல மனைய வாங்கறவன் எவன்னு நீங்களே ஒரு ஆளப் புடிச்சுக் குடுங்க.

பாம்புத்தம்பி_கடலூர்:

அக்கா, நான் கடலூர் மாவட்டத்துல பாம்பு மீட்குற வேலைல இருக்கேன். கரைமேட்டான் அண்ணன் முதலை பத்தி சொன்னது சரி. ஆனா உங்க நாலாவது கேள்விதான் முக்கியமான கேள்வி. ஆத்தோரம் வீடுன்னா முதலையவிட நான் கட்டுவிரியனுக்குத்தான் பயப்படுவேன். தவளை, எலி, வைக்கோல் போரு, தண்ணி எல்லாம் ஒரே எடத்துல இருந்தா பாம்பு இருக்கத்தான் செய்யும்.

நீங்க தெனமும் பாக்கப்போறது பெரும்பாலும் நீர்க்கோலியும் சாரையும்தான், ரெண்டுக்கும் வெஷம் கெடையாது. நீர்க்கோலி கடிக்கும், நல்லாவே கடிக்கும், ரத்தம் வரும், ஆனா ஆபத்து இல்ல. சாரை எலி தின்னும், இருந்துட்டுப் போவட்டும். பாக்க வேண்டியது நாலு: நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன். இதுல கட்டுவிரியன் ராத்திரி நடமாடும், தரைல படுத்துருக்கவங்க பாய்க்கே வரும், கடிச்சா பல நேரம் வலியே இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலைல வயித்து வலி, கண்ணு தொறக்க முடியல, இமை தொங்குது, தொண்டை அடைக்குதுன்னு ஆரம்பிக்கும், வீட்டுல இருக்கவங்க சாப்பாடு சேரலன்னு நெனச்சு சோடா குடுத்துகிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள மூச்சுத் தெணற ஆரம்பிச்சுடும். அதனால கட்டில், கொசுவலை, வலையோட ஓரத்த மெத்தைக்கு அடில நல்லா சொருவணும். கொசுவுக்கும் அதான், பாம்புக்கும் அதான். பாத்ரூம் வெளில கட்டாதீங்க, ராத்திரி டார்ச் இல்லாம கொல்லைக்குப் போவாதீங்க, செங்கல்லு வெறகெல்லாம் செவுத்த ஒட்டி அடுக்காதீங்க, சிங்க்குத் தண்ணி வெளியேறுற பைப்புக்கு வலை போடுங்க.

கடிச்சிருச்சுன்னா கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய வச்சு உறியக்கூடாது, பாம்பத் தேடி அடிச்சு எடுத்துட்டுப் போகவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசக் கழட்டிட்டு, கையோ காலோ ஆடாம வச்சுகிட்டு 108 கூப்புடுங்க. வெஷமுறிவு மருந்து நம்ம நாட்டுல ஒண்ணுதான், இந்த நாலு பாம்புக்கும் அதுவே, அரசு ஆஸ்பத்திரில காசில்லாம போடுவாங்க. அந்த மருந்துக்கு வேண்டிய வெஷத்த ரொம்ப காலமா எடுத்துக் குடுக்குறவங்க மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்கதான், நம்மள்ல பாதி பேருக்கு அது தெரியறதில்ல.

இன்னொண்ணு, உடும்பப் பாத்துட்டு முதலைக்குட்டின்னு ஊரக் கூட்டாதீங்க, எனக்கு வர்ற போன்ல இது அடிக்கடி நடக்கும். நாக்கு ரெண்டா பொளந்து வெளில வந்து வந்து போனா உடும்பு. முதலைக்கு நாக்க வெளில நீட்டவே வராது.

கோவை_மருமக:

ஐயோ நன்றிங்க அண்ணா, தம்பி. முதலைக்குத்தான் கேட்டேன், இப்ப கட்டுவிரியன் கனவுல வருது. ஆனா இப்படி வெவரமா யாருமே சொன்னதில்லீங்க. பாத்ரூம உள்ளதான் கட்டோணும்னு நான் மொதல்லயே சொன்னேன், மாமனாரு வீட்டுக்குள்ள கக்கூசான்னு மொகத்த சுளிச்சாரு, இனி இதக் காட்டிருவேன். வேற யாராச்சும் மனை, கட்டுமானம் பத்தி சொல்ல முடியுமாங்களா? கொத்தனாரு மூணடி பேஸ்மெண்ட் போதும்ங்கறாரு.

சங்கிலி_அளந்தவர்:

அம்மா, நான் நில அளவைல வேலை பாத்து ஓய்வு பெற்றவன். முதலையையும் பாம்பையும் கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டு பத்திரத்த எடுங்க. பூர்வீக மனைன்னு சொல்றீங்க, கரைய ஒட்டி இருக்குன்னு சொல்றீங்க. அது முழுக்கப் பட்டாவா, இல்ல பின்பக்கக் களம் ஆத்துப் புறம்போக்கா? ரெண்டு மூணு தலைமுறையா அனுபவிச்சுட்டு வந்ததால நம்முதுன்னு நெனச்சுகிட்டு இருக்குற குடும்பங்கள நான் நெறைய பாத்துருக்கேன். தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடும் (எந்த சர்வே நம்பர் என்ன வகை நெலம், யாரு பேருல இருக்குன்னு சொல்றது) எஃப்எம்பி வரைபடமும் (மனையோட எல்லை, அளவு காட்டுறது) வாங்கி, சர்வேயர வச்சு எல்லைக் கல்ல அளந்து பாத்துட்டு அப்புறம் மண்ண வெட்டுங்க. நீர்நிலைப் புறம்போக்குல எத்தனை வருஷம் இருந்தாலும் பட்டா கெடைக்காது, ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்க.

அடுத்தது, உங்க எடத்துல அலைத் தண்ணி ஏறி எறங்குதான்னு பாருங்க. கடல் ஏத்தம் வர்ற ஆறு ஓடைக்கெல்லாம் கடற்கரை ஒழுங்குமுறை விதி உண்டு. 2011 அறிவிக்கைப்படி கரைலேந்து 100 மீட்டர், இல்ல அந்த நீரோட்டத்தோட அகலம், ரெண்டுல எது கம்மியோ அது வரைக்கும் அந்த விதி செல்லும். 2019 அறிவிக்கைல அந்த 100ஐ 50ஆ கொறைச்சாங்க. எது வரைக்கும் அலை ஏறுதுங்கறத கோடைல உப்பளவு பாத்து முடிவு பண்ணுவாங்க. உங்க மனை அதுக்குள்ள வருதான்னு பிளான் அப்ரூவலுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, பாதி கட்டுனப்புறம் கேக்காதீங்க.

இப்ப பேஸ்மெண்ட். கொத்தனாரு எந்தக் கணக்குல மூணடின்னாரு? ரோட்டுலேந்தா, வயல் மட்டத்துலேந்தா? அதெல்லாம் கணக்கே இல்ல. கொள்ளிடம் காவேரியோட வெள்ள வடிகால். வெள்ளம்னா நம்ம பக்கம் எல்லாரும் ஐப்பசி கார்த்திகைன்னு நெனப்பாங்க, ஆனா இங்க ஆடி ஆவணிலயே வந்துடும். நம்ம ஊருல வெயில் கொளுத்தும், குடகுலயும் வயநாட்டுலயும் கொட்டித் தீக்கும், கபினியும் கிருஷ்ணராஜசாகரும் தெறந்து மேட்டூர் 120 அடி தொட்டா உபரி பூரா முக்கொம்பு வழியா கொள்ளிடத்துல எறங்கும், அணைக்கரை தாண்டி நேரா உங்க பின்வாசல். 2018 ஆகஸ்ட்டுல முக்கொம்புல ஷட்டர்கள் உடைஞ்சுதே, அந்த வருஷமும் இப்படித்தான். 2022லயும் சிதம்பரத்துக்குத் தெக்க திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, ஜெயங்கொண்டபட்டினம் பக்கமெல்லாம் தண்ணி சூழ்ந்து படகுலதான் ஆள ஏத்துனாங்க. அது முடிஞ்சு ரெண்டு மாசத்துல வடகெழக்குப் பருவமழை, அதுல புயல் ஏதாவது சேந்தா கடல் தண்ணிய உள்வாங்காது, ஆறு வடியாது. ஆக வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நீங்க தயாரா இருக்கணும். ஊருல வயசானவங்கள கேட்டு, அந்தந்த வருஷம் தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு பழைய வீட்டுச் செவுத்துல காட்டச் சொல்லுங்க, கறை இன்னும் இருக்கும். அந்தக் கறைக்கு மேல ரெண்டடி வர்ற மாதிரி தரை மட்டம் வைங்க, மாடிக்கு வெளிலேந்து படி வைங்க. கரை உங்களுக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்கறது நல்லது, கரைக்கு உள்பக்கமா, அதாவது ஆத்துப் பக்கமா, மனை இருந்தா இந்தப் பேச்சுக்கே எடமில்ல, கட்டாதீங்க.

தண்ணியும் பாருங்க. கொள்ளிடத்துல மணல் அள்ளி அள்ளி ஆத்துப் படுகை எறங்கிப்போச்சு, கடல் தண்ணி உள்ள ஏறுது, நெலத்தடி நீரு உப்பாயிட்டு வருது. அந்த போர் தண்ணில கான்கிரீட் கலந்தா சில வருஷத்துல கம்பி துருப்புடிச்சு சீலிங் பேர்ந்து விழும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமத் தாண்டக்கூடாது, லேப்ல குடுத்தா செலவு பெருசா வராது. தாண்டுனா லாரித் தண்ணி வாங்கிக் கட்டுங்க, கட்டுனத நனைச்சு வைக்கிற க்யூரிங்குக்கும் அதேதான். இதுல மிச்சம் புடிக்கிறேன்னு கொத்தனாரு சொன்னா கேக்காதீங்க.

டவுன்காரன்:

இதுக்குத்தான் நான் டவுன்ல பாக்கச் சொன்னேன்.

சங்கிலி_அளந்தவர்:

டவுன்லயும் எத்தனை மனை ஏரி வாய்க்கா மேல இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. உங்க வீட்டு எஃப்எம்பியும் ஒரு வாட்டி பாத்துக்குங்க.

கிள்ளை_அக்கா:

நான் கிள்ளை பக்கம், பிச்சாவரம் காட்டுக்கு அடுத்தாப்ல. எல்லாரும் பயமுறுத்தியே வச்சுட்டீங்க அந்தப் பொண்ண.

ம்மா, எங்க சனம் கழிமுகத்துல கழுத்தளவு தண்ணில எறங்கி புடிச்சதப் போடுற பறிய வாயில கவ்விகிட்டு கையாலயே எறாப் புடிக்கிற சனம். உப்பனாறு, கான்சாகிப் வாய்க்கா எல்லாம் எங்க காலடி. தண்ணியோட இருக்கறதுக்கு ஒரு பழக்கம் வேணும், அவ்வளவுதான், அது வந்துடும். சுரபுன்னை வேருக்கு நடுவுல ஓடைத் தண்ணி வத்துறப்ப சேத்துல நண்டு வளை வளையா தொறக்கும், ஒத்தக் கொடுக்கு செவப்பா பெருசா வச்சுகிட்டு ஆம்பள நண்டு ஆட்டி ஆட்டிக் காட்டும், உன் சின்னப்புள்ளை அத ஒரு நாள் பூரா பாத்துகிட்டு ஒக்காந்துருக்கும். நீர்நாய் குடும்பமா வரும், நாலஞ்சு தலை வரிசையா தண்ணிக்கு மேல, கீச்சு கீச்சுன்னு கத்திகிட்டே மீன வளைச்சுப் புடிக்கும். எங்க வலையக் கிழிக்கிறதும் அதான், அதுக்கு எங்க வீட்டு ஆம்பளைங்க திட்டாத திட்டு இல்ல, ஆனாலும் பாத்தா நின்னு பாக்கத்தான் தோணும். ஐப்பசிக்கப்புறம் வெளியூருப் பறவை எறங்குனா எங்க பக்கம் சத்தம் தாங்காது. 2022ல பிச்சாவரத்த ராம்சர் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்க, அதுக்கப்புறம் டூரிஸ்ட்டு போட்டு இன்னும் கூடிப்போச்சு, அது வேற கதை. 2004 சுனாமில இந்தக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊருங்க தப்பிச்சுது, அதனால எங்களுக்கு இது அலங்காரம் இல்ல.

முதலை விஷயத்துல ஒண்ணு மட்டும் சொல்லணும். ஊருக்குள்ள புடிச்ச முதலைய சிதம்பரம் பக்கம் வக்காரமாரி கொளத்துல கொண்டுபோய் விடுறாங்க. அத அடிக்கவும் முடியாது, 1972 சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு இருக்குற பாதுகாப்பு அதுக்கும். அடிக்கணும்னு நானும் சொல்லல. ஆனா ஒரு முதலையத் தூக்கிட்டா அந்த எடம் காலியா இருக்காது, வெள்ளத்துல இன்னொண்ணு வந்து படுக்கும். ஒடிசால பிதர்கனிகா பக்கம் குளிக்கிற துறைய சுத்தி தண்ணிக்குள்ளயே வேலி அடிச்சு வச்சுருக்காங்க, இலங்கைல மாத்தறைல நில்வளா கங்கைலயும் மரக் கழி நட்டு அடைச்சுகிட்டு அதுக்குள்ள குளிக்கிறது ரொம்ப காலமா உண்டு. முதலை வெளில, ஆளு உள்ள. நம்ம ஊருல போர்டு வைக்கிறதோட நிறுத்திக்காம ஊருக்கு ஒரு துறைக்காவது இப்படி அடைச்சுக் குடுத்தா பாதிப் பிரச்சனை தீரும். நீ அங்க வந்ததும் கிராமசபைல எழுந்து இதக் கேளு, மருமவ கேட்டா பஞ்சாயத்துல கொஞ்சம் காது குடுப்பாங்க.

பெரிய புள்ளைக்கு நீச்சல் கத்துக் குடு, ஆத்துல வேண்டாம், போர்செட்டுத் தொட்டிலயோ டவுன்ல நீச்சல் கொளத்துலயோ. நீச்சல் தெரியாத புள்ளைய ஆத்தோரம் வச்சுருக்கறதுதான் பெரிய ஆபத்து, முதலை இல்லாத வாய்க்காலயும் புள்ளைங்க முழுகிப் போவுது. அப்புறம் ஒரு கோடு போட்டுடு, கரை ஏறுறதுன்னா பெரியவங்க கூடத்தான்னு, அத உன் வீட்டுக்காரருக்கும் சேத்துப் போடு.

கோவை_மருமக:

அக்கா, கடைசி வரிய அப்படியே இவருகிட்ட படிச்சுக் காட்டிட்டேனுங்க. சிரிச்சாரு, ஆனா எதுவும் பேசல.

சர்வேயர் ஐயா சொன்னத கேட்டு இன்னிக்கு மாமனாரோட பழைய வீட்டுப் பின்செவுத்தப் போயி பாத்தோம். சுண்ணாம்புக்கு அடில ஒரு கறை கோடு ஓடுது, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல. எந்த வருஷம்னு கேட்டா மாமனாரு ஒண்ணு சொல்றாரு, பெரிய மாமனாரு ஒண்ணு சொல்றாரு, ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. கொத்தனாரக் கூப்புட்டுக் காட்டியாச்சு, இப்ப அவரே அஞ்சரை அடிங்கறாரு. செலவு ஏறுது, அதனால முன்னாடி போர்ட்டிகோ வேண்டாம்னு முடிவு பண்ணிருக்கோம். அ-பதிவேடுக்கு மனு போட்டாச்சு. அது வர்ற வரைக்கும் ஒரு செங்கல்லும் எறக்கறதில்லைன்னு நான் சொல்லிட்டேனுங்க.

ஒரே ஒரு டவுட்டு. ஆத்துப் பக்கம் செவுரு எழுப்புனா வெள்ளத்துல தண்ணி வெளியேற வழி இல்லாம வீட்டுக்குள்ளயே நின்னுராதுங்களா? கம்பி வேலி போட்டா முதலை ஏறிருமா?

கரைமேட்டான்:

நல்ல கேள்வி. முழுச் செவுரு போட்டா தண்ணி அழுத்தத்துலயே சாஞ்சுடும், எங்க பங்காளி வீட்டுல அப்படித்தான் ஆச்சு. அடில ரெண்டடி கருங்கல்லு இல்லன்னா கான்கிரீட், அதுல பத்தடிக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்கு இரும்புக் கம்பி கிராதி. அதுக்கு மேல மூணடி வெல்டு மெஷ், இரும்புக் குழாய்த் தூணு போட்டு. சங்கிலி வலை வேண்டாம், தொங்கிப் போயிடும், அது மேல நெகம் மாட்டி ஏறவும் செய்யும். கேட்ட உள்பக்கமா தெறக்குற மாதிரி வை. கிராதிய வருஷத்துக்கு ஒரு வாட்டி பெயிண்ட் அடிக்கலன்னா உப்புக்காத்துல தின்னுடும். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி அந்த ஓட்டைல அடைஞ்ச குப்பையத் தோண்டி எடுத்துடு, கையால இல்ல, குச்சி வச்சு. அதுக்குள்ள என்னா படுத்துருக்கும்னு பாம்புத்தம்பியக் கேளு.